இலையும் இலச்சினையும்: திறந்த மூல மென்பொருளிற் பெயருரிமை பற்றிய ஒரு நோக்கு

தலவாக்கலையிலிருந்து நுவரெலியா செல்லும் பாதையில் லிந்துலையைக் கடந்து செல்வோர் காணும் தோட்டப் பெயர்ப்பலகைகளுட் சில இம்மண்ணுக்குரியவை. வேறு சில ஸ்கொத்லாந்திலிருந்து வந்தவை. டிலிகூல்ட்ரி என்பது அந்நாட்டுச் சிற்றூரொன்றின் பெயர். தலவாக்கலையின் ஹோலிரூட் எடின்பரோவின் அரண்மனைப் பெயர். 1972ஆம், 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்கள் இத்தோட்டங்களை அரசுடைமையாக்கின. 1992இல் அவற்றின் முகாமை பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் சென்றது. துரைமார் போயினர், அரசு வந்தது, கம்பனிகள் வந்தன. பெயர்ப்பலகைகள் மட்டும் பெரும்பாலும் மாறவில்லை. இதனை வெறும் காலனித்துவ எச்சமெனக் கொள்வது போதாது. 1883 முதல் நடைபெற்றுவரும் கொழும்புத் தேயிலை ஏலத்தில் ஒவ்வொரு தொகுதித் தேயிலையும் அது உற்பத்தியான தோட்டத்தின் அல்லது தொழிற்சாலையின் குறியைத் தாங்கியே விலைக்கு வருகிறது. கொள்வனவாளர் சுவைத்துப் பார்ப்பது இலையை. நினைவில் வைத்திருப்பது குறியை.

ஏலத்தில் வாங்கியவர் அத்தேயிலையை எவ்விதமும் பயன்படுத்தலாம். பிற நாட்டுத் தேயிலையோடு கலக்கலாம். கப்பலேற்றி வேறொரு நாட்டிற் பொதி செய்யலாம். ஆயின், வாளேந்திய சிங்கத்தைப் பொதியின்மீது அச்சிடும் உரிமை அவ்விலையோடு சேர்ந்து அவரிடம் செல்வதில்லை. அச்சிங்க இலச்சினை, 1975ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட இலங்கைத் தேயிலைச் சபைக்கு உரியது. உள்ளடக்கம் முழுவதும் இலங்கைத் தேயிலையாயிருத்தல், இலங்கையிலேயே பொதி செய்யப்பட்டிருத்தல், சபையின் தரநியமங்களுக்கு அமைதல் ஆகிய நிபந்தனைகளை நிறைவேற்றுவோர்க்கே அது அனுமதிக்கப்படுகிறது. 1972இல் நாடு தன் பெயரைச் 'சிறீலங்கா' என மாற்றிக்கொண்ட பின்னரும் தேயிலை 'சிலோன்' என்ற பழைய பெயரிலேயே விற்கப்பட்டு வருவது, பெயர் எத்துணைப் பெறுமதியான உடைமை என்பதற்குப் போதிய சான்று.

பொருளைக் கொடுத்துப் பெயரைக் கொடுக்காதிருக்கும் இந்த ஏற்பாடு, முற்றிலும் வேறானதெனத் தோன்றும் ஒரு துறையில், திறந்த மூல மென்பொருள் எனப்படும் துறையில், கடந்த முப்பதாண்டுகளாகக் கடும் விவாதத்துக்கு உள்ளாகியுள்ளது. பகிர்வையும் கூட்டுழைப்பையும் போற்றும் முற்போக்கு வாசகர் பலர், 'எல்லார்க்கும் திறந்துவிட்ட மென்பொருளுக்குப் பெயர்த் தடை எதற்கு?' என வினவுவர். வினா நியாயமானதே. அதற்கு விடை காண, முதலில் சட்டத்தின் இரு கூறுகளைப் பிரித்து நோக்குதல் வேண்டும்.

நிரலாளர் எழுதும் மூலநிரல் பதிப்புரிமைக்கு உட்பட்டது. எழுதியவரின் அனுமதியின்றி அதனைப் பிரதி செய்யவோ திருத்தவோ பிறர்க்கு உரிமையில்லை. திறந்த மூல உரிமம் என்பது அந்த அனுமதியை எல்லார்க்கும் முன்கூட்டியே வழங்கிவிடும் ஆவணம்: பயன்படுத்தலாம், படிக்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பகிரலாம், விற்கவும் செய்யலாம். மென்பொருளின் பெயரும் சின்னமுமோ வியாபாரக் குறி பற்றிய சட்டத்துக்கு உட்பட்டவை. இலங்கையில் இவ்விரண்டும் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் என்ற ஒரே சட்டத்துள் அடங்கினும் அவற்றின் நோக்கங்கள் வேறானவை. பதிப்புரிமை ஆக்கத்தைக் காக்கிறது. வியாபாரக் குறி, பொருள் எங்கிருந்து வந்தது என்பதில் வாங்குவோர் ஏமாறாதிருப்பதற்கென அமைந்தது.

இங்கு ஒரு பொருளியல் உண்மையையும் மனங்கொள்ளல் வேண்டும். மூலநிரலை ஆயிரம் பேர் பிரதி செய்தாலும் அது குறைவதில்லை. பெயரின் இயல்பு இதற்கு நேர்மாறானது. ஒரே பெயரை ஆயிரம் பேர் ஆயிரம் வேறு பொருள்களுக்கு இட்டால் அப்பெயர் எதனையும் குறிக்காதுபோம். பதிப்புரிமையை வரிவரியாக ஆயிரம் நிரலாளர் பகிர்ந்து வைத்திருக்கலாம். பெயரை அவ்வாறு கூறுபோட முடியாது. ஆகவே, அருமை என்பதையே ஒழித்துவிட்டதாகப் பெருமை கொள்ளும் இத்துறையில் எஞ்சிநிற்கும் ஒரே அரிய பொருள் பெயர்தான். அதிகாரமும் அங்குதான் வந்து திரள்கிறது.

இதனை உரிமங்களை வகுத்தோர் தொடக்கத்திலேயே உணர்ந்திருந்தனர். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்.டி. உரிமம் மிகத் தாராளமானது. எனினும் அதன் மூன்றாம் வாசகம், வழிப்பொருள்களை விளம்பரப்படுத்த அப்பல்கலைக்கழகத்தின் பெயரையோ பங்களித்தோரின் பெயர்களையோ முன்னனுமதியின்றிப் பயன்படுத்தலாகாது என்கிறது. பி.எச்.பி. மொழியின் 3.01ஆம் உரிமம், வழிப்பொருள்களுக்கு 'பி.எச்.பி.' எனப் பெயரிடுவதையும் அவற்றின் பெயருள் அவ்வெழுத்துகள் வருவதையும் எழுத்துமூல அனுமதியின்றித் தடுத்தது. அப்பாச்சி உரிமத்தின் பழைய வடிவங்களும் அவ்வாறே தடுத்தன. இத்தகைய தடை வாசகம் மேலதிகக் கட்டுப்பாடு ஆகுமென்பதால், ஜி.பி.எல். உரிமத்தின் கீழுள்ள நிரலோடு அந்நிரல்களை இணைக்க முடியாத நிலை எழுந்தது. 2004 சனவரியில் வெளிவந்த அப்பாச்சி இரண்டாம் உரிமம் அணுகுமுறையை மாற்றியது. அதன் ஆறாம் பிரிவு எதனையும் தடுக்கவில்லை. குறிகளைப் பயன்படுத்தும் அனுமதியை இவ்வுரிமம் வழங்கவில்லை என்று மட்டும் கூறி, மென்பொருளின் தோற்றுவாயை விவரிப்பதற்கான வழக்கமான பயன்பாட்டை விட்டுவைத்தது. 2007இல் வந்த ஜி.பி.எல். மூன்றாம் வடிவமும் இத்தகைய வாசகத்துக்கு இடமளித்தது. தடுப்பதற்கும் வழங்காதிருப்பதற்குமான இவ்வேறுபாடு நுண்ணியது. தடையை உரிமத்துள் எழுதினால் அதை மீறியவர் நிரலுக்கான உரிமையையே இழக்க நேரும். வெளியே விட்டால் பிணக்கு பெயரளவில் நின்றுவிடும்.

'திறந்த மூலம்' என்பதன் வரைவிலக்கணமே இதனை ஏற்கிறது. வழிப்பொருள் வேறு பெயரையோ வேறு பதிப்பெண்ணையோ தாங்கவேண்டுமென உரிமம் கோரலாம் என்பது அவ்வரைவிலக்கணத்தின் நான்காம் விதியுள் அடங்கும். அவ்வரைவிலக்கணத்தைக் காக்கும் அமைப்பு 'திறந்த மூலம்' என்ற தொடரையே வியாபாரக் குறியாக்க முயன்று, அது வெறும் விவரணத் தொடர் என்பதால் இயலாதெனக் கண்டு 1999இல் அம்முயற்சியைக் கைவிட்டது. பின்னர் உரிமங்களுக்குச் சான்று வழங்கும் குறியொன்றை நாடியது. சிங்க இலச்சினையின் வழியும் அதுவேயன்றோ!

பெயர்த் தடையின் மிகத் தூய வடிவம் டெக் என்னும் அச்சுக்கோப்பு மென்பொருளிற் காணப்படுகிறது. கணித நூல்களை அச்சிடுவோர் இதனை நன்கறிவர். டொனால்ட் நூத் தமது நிரலை உலகுக்குத் தாராளமாக வழங்கினார். ஆனால் அவர் வகுத்த சோதனைக் கோப்பினை இம்மியும் பிசகாது நிறைவேற்றும் நிரலே அப்பெயரைத் தாங்கலாம் என்றார். பெயர் அமெரிக்கக் கணிதச் சங்கத்திடம் குறியாக உள்ளது. இன்று கோத்த நூலை ஐம்பதாண்டு கழித்து மீளக் கோப்பினும் வரி மாறாது வரவேண்டும் என்பதே அவரது கவலை. எவருக்கும் இதிற் பணலாபம் இல்லை. புலமையாளர் எவரும் இத்தடையைக் குறைகூறியதாகவும் தெரியவில்லை.

சிக்கல் மிக்க வழக்கு பயர்பொக்ஸ் உலாவியினுடையது. 2002இல் அது பீனிக்ஸ் என்ற பெயரோடு பிறந்தது. அப்பெயருக்கு ஏற்கெனவே வேறொரு கம்பனி உரிமை கொண்டிருந்தமையால் 2003இல் பயர்பேர்ட் ஆயிற்று. அப்பெயரில் முன்னரே ஒரு திறந்த மூலத் தரவுத்தளம் இருந்தது. அதன் ஆக்கியோர் கொதித்தெழுந்தனர். 2004 பெப்ரவரியில் பயர்பொக்ஸ் என்ற பெயர் நிலைபெற்றது. இருமுறை பெயரிழந்த அதே உலாவி, மூன்றாண்டுக்குள் பிறரைப் பெயரிழக்கச் செய்தது என்பது சுவையான முரண். டெபியன் என்பது தொண்டர்களால் ஆக்கப்படும் லினக்ஸ் வெளியீடு. கட்டற்ற உரிமம் இல்லாத எதனையும் தன் மூலத்தொகுதியில் அது ஏற்பதில்லை. பயர்பொக்ஸின் நிரல் கட்டற்றது. அதன் சின்னமோ அன்று கட்டுப்பட்டது. ஆகவே டெபியன் பெயரை வைத்துக்கொண்டு சின்னத்தை நீக்கியது. பாதுகாப்புத் திருத்தங்களையும் தன் போக்கிற் செய்தது. 2006இல் மொசில்லா இதனை மறுத்தது. பெயரும் சின்னமும் சேர்ந்தே செல்லவேண்டும், திருத்தங்கள் தம் ஒப்புதலைப் பெறவேண்டும் என்றது. டெபியன் உலாவிக்கு ஐஸ்வீசல் எனப் புதுப்பெயர் சூட்டி வெளியிட்டது. தீ நரி பனிக்கீரி ஆயிற்று!

இரு தரப்பிலும் நியாயம் இருந்ததென்றே கூறல் வேண்டும். போலி உலாவிகளிடமிருந்து பயனாளரைக் காக்கும் பொறுப்பு மொசில்லாவுக்கு இருந்தது. தன் குறியைக் கவனியாது விடும் உரிமையாளர் அதனை இழக்கவும் கூடும் என்பது குறிச் சட்டத்தின் இயல்பு. மறுபுறம், பழுதொன்றைத் தானே திருத்தும் உரிமையைக் கைவிட்டால் டெபியன் தன் அடிப்படையையே கைவிட்டதாகும். கவனிக்கத்தக்கது யாதெனில், பிணக்கின் நடுவிலும் ஒரு வரி நிரலைக்கூட எவரும் இழக்கவில்லை. பத்தாண்டு கழித்து, 2016இல், டெபியனின் திருத்தங்கள் தரத்தைப் பாதிப்பவை அல்ல என மொசில்லா ஏற்றது. உலாவி பழைய பெயரோடு மீண்டது.

இவ்வளவிற் பெயருரிமை ஒரு நேர்மையான காவலாகவே தோன்றும். ஆனால் காவலன் யார் என்ற வினாவை இனி எழுப்புதல் வேண்டும். 1994இல் அமெரிக்காவில் ஒருவர், லினக்ஸை ஆக்குவதிற் பங்கில்லாதவர், 'லினக்ஸ்' என்ற சொல்லைத் தமது குறியாகப் பதிவுக்கு இட்டார். பின்னர் அதனைப் பயன்படுத்திய வணிகரிடம் பணமும் கோரினார். வழக்காடி, இணக்கம் கண்டு, 1997இல் அக்குறி லினஸ் டோர்வால்ட்ஸிடம் வந்து சேர்ந்தது. பெயரை எவரும் காவாது விடுவதே சுதந்திரம் என எண்ணுவோர் இதனை நினைவிற் கொள்வாராக.

காவலன் ஒரு கம்பனியாயிருக்கும்போது வேறோர் ஆபத்து நேர்கிறது. சன் கம்பனியில் தொடங்கிய ஹட்சன் என்ற நிரற்கருவியைப் பல நாட்டு நிரலாளர் கூடி வளர்த்தனர். 2010இல் சன் ஒரக்கிள் வசமாயிற்று. பெயர் தனதென ஒரக்கிள் கூறவே, 2011 சனவரியில் அச்சமூகம் வாக்களித்து ஜென்கின்ஸ் என்ற பெயரோடு வெளியேறியது. ஓப்பன்ஒபிஸ் தொண்டரிற் பெரும்பாலோர் 2010 செப்டெம்பரில் லிப்ரேஒபிஸ் என்று பிரிந்து சென்றதும் இதே காலத்தது. இரண்டிலும் உழைப்போர் சென்ற இடத்துக்கே பயனாளரும் சென்றனர். பழைய பெயர்கள் வெறுங்கூடுகளாக எஞ்சின. சென்டொஸ் வரலாறு இவ்வாறு அமையவில்லை. ரெட்ஹட் கம்பனியின் நிரலிலிருந்து அக்கம்பனியின் பெயரையும் சின்னங்களையும் நீக்கித் தொண்டர்கள் 2004 முதல் அதனை வெளியிட்டனர். 2014இல் சென்டொஸ் என்ற அத்தொண்டர் பெயரே ரெட்ஹட்டிடம் சென்றது. 2020 திசம்பரில் அக்கம்பனி சென்டொஸ் லினக்ஸை நிறுத்துவதாக அறிவித்தபோது, உலகெங்கும் அதனை நம்பியிருந்தோர்க்கு நிரல் இருந்தது, உரிமை இருந்தது, பெயர் மட்டும் இல்லை. ரொக்கி, அல்மா எனப் புதுப்பெயர்களில் முதலிலிருந்து நம்பிக்கையைக் கட்டியெழுப்ப வேண்டியதாயிற்று.

பெயர் நிரலின் உள்ளேயே புகுந்துவிடின் நிலைமை மேலும் மோசமாகும். ஜாவாவின் நிறுவனப் பதிப்பை ஒரக்கிள் 2017இல் எக்லிப்ஸ் அமைப்பிடம் கையளிக்க முன்வந்தது. 'ஜாவா' என்ற பெயர் உடன் வரவில்லை. 2018இல் தொகுதிக்கு ஜகார்த்தா எனப் பெயர் மாற்றினர். நிரற்கூறுகள் ஒவ்வொன்றின் முன்னும் 'ஜாவாக்ஸ்' என்ற முன்னொட்டு இருந்தது. அப்பெயர்வெளியைத் திருத்தி வளர்ப்பது பற்றி 2019இல் உடன்பாடு எட்டப்படவில்லை. ஆகவே அதனை நம்பி எழுதப்பட்ட நிரல்கள் அனைத்திலும் முன்னொட்டை மாற்றும் வேலை ஏற்பட்டது. உலாவியின் முகப்பிற் பெயரை மாற்றுவது பலகையை மாற்றுவது போன்றது. இதுவோ ஒவ்வொரு செடியிலும் கீறிய பெயரை அழித்து எழுதுவதாகும். இத்தகைய தடை வாங்குவோரைக் காக்கவில்லை. கொடுத்த சுதந்திரத்தின் ஒரு பகுதியை மீளப் பிடித்துக்கொள்கிறது என்பதே எமது கருத்து.

இவை யாவும் மேலைநாட்டுச் சங்கதிகள் எனத் தள்ளிவிடற்கில்லை. 2004 திசம்பர் ஆழிப்பேரலையின்பின், காணாமற்போனோரையும் முகாம்களையும் நிவாரணத்தையும் பதிவுசெய்ய இலங்கை நிரலாளர் சில நாட்களுள் ஒரு மென்பொருளை ஆக்கினர். நிவாரணம் எனப் பொருள்படும் 'சஹன' என்ற சிங்களச் சொல் அதன் பெயராயிற்று. 2005இற் பாக்கிஸ்தான் நிலநடுக்கத்தின்போதும் அது பயன்பட்டது. 2006இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் சமூகப்பயன் விருதையும் பெற்றது. 2009இல் அதற்கெனத் தனி அமைப்பு நிறுவப்பட்டது. அகஸ்தி, ஈடன், வெசூவியஸ் எனக் கிளைகள் பிரிந்தபோது ஒவ்வொன்றும் 'சஹன' என்ற முதற்பெயரோடு தனக்குரிய இரண்டாம் பெயரையும் பெற்றது. குடும்பப் பெயரும் பிள்ளைப் பெயரும் போன்ற இவ்வழக்கம், தோற்றுவாயையும் வேறுபாட்டையும் ஒருங்கே கூறவல்லது. 2005இல் இலங்கையிற் தொடங்கிய டபிள்யு.எஸ்.ஓ.டூ கம்பனியின் வரலாறும் நோக்கத்தக்கது. அதன் பொறியியலாளர் அப்பாச்சி சினாப்ஸ் என்ற மென்பொருளிற் பெரும்பங்கு உழைத்தனர். அம்மென்பொருளை அடித்தளமாகக் கொண்டு கம்பனி தன் பொருளை வெளியிட்டபோது அதற்குத் தன் பெயரையே இட்டது. சினாப்ஸ் என்ற பெயர் அப்பாச்சி அறக்கட்டளையிடமே இருந்தது. உழைத்தவர்களின் தொழில்தருநரிடமும் பெயர் செல்லாது, இலாபநோக்கற்ற ஒரு பொது அமைப்பில் தங்கியமையே இங்கு கருதத்தக்கது.

உழைத்தோரிடம் பெயர் தங்குவதில்லை என்ற நிலையை மலையகத்தார்க்கு எவரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. சிலோன் என்ற பெயருக்கு உலகச் சந்தையில் மதிப்பு உண்டாக்கியது கொழுந்து பறித்த கைகளும் தொழிற்சாலையில் அரைத்து உலர்த்திய கைகளுமாம். ஆயின் அப்பெயரின் காவலராகச் சட்டம் குறிப்பிடும் தரப்புகளிடையே அக்கைகளுக்குரியோர் தரப்பு எதுவெனக் கேட்டால் விடை தேடவேண்டியிருக்கும். 2022ஆம் ஆண்டில் இலங்கைக் கறுவா ஐரோப்பிய ஒன்றியத்திற் புவிசார் குறியீட்டைப் பெற்றது. அதே ஆண்டிற் புலமைச் சொத்துச் சட்டமும் அத்தகைய குறியீடுகளை உள்நாட்டிற் பதிவுசெய்ய ஏற்றவாறு திருத்தப்பட்டது. லிந்துலையை உள்ளடக்கும் திம்புள்ளைப் பிரதேசத் தேயிலைக்கும் அவ்வழி திறந்திருக்கிறது. குறியீட்டின் விதிமுறைகளை வகுக்கும் மேசையில் யார் யார் அமர்வர் என்பதே இனிக் கேட்கவேண்டியது. ஹட்சனைத் துறந்து சென்ற நிரலாளர்க்குத் தம் உழைப்பை உடன் எடுத்துச்செல்லும் வசதி இருந்தது. தேயிலைச் செடியை எவரும் பெயர்த்தெடுத்துச் செல்ல முடியாது. இவ்வொப்புமை இவ்விடத்தில் முறிகிறது. முறியும் இடமே பலவற்றைக் கற்பிக்கிறது.

எம் போன்ற தமிழ்ச் சங்கங்களுக்கு உடனடியாகத் தொடர்புள்ள இடம் எழுத்துரு. தமிழ் எழுத்துருக்கள் பல இன்று திறந்த எழுத்துரு உரிமம் எனப்படும் ஆவணத்தின் கீழ் வெளிவருகின்றன. மீரா இனிமை, கட்டமரன் ஆகியன அவற்றுட் சில. 2007 பெப்ரவரியில் வந்த அவ்வுரிமத்தின் 1.1ஆம் வடிவம் 'ஒதுக்கிய பெயர்' என்றோர் ஏற்பாட்டைக் கொண்டது. ஆக்கியோர் விரும்பின் தம் எழுத்துருவின் பெயரை ஒதுக்கிக்கொள்ளலாம். ஒதுக்கிய பின், எழுத்துருவைத் திருத்துவோர் அதனை வேறு பெயரிலேயே வெளியிடவேண்டும். காரணம் நடைமுறை சார்ந்தது. ஒரே பெயரில் இரு வேறு எழுத்துருக்கள் கணினியில் இருப்பின், ஓரிடத்தில் ஒழுங்காகக் கோத்த பக்கம் மற்றோரிடத்திற் சிதையும்.

லிந்துலை என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். அதன் ஈற்றெழுத்தாகிய லை, 1978இல் தமிழ்நாட்டு அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்னர், துதிக்கை வடிவக் கொம்போடு அச்சிடப்பட்டது. அச்சீர்திருத்தம் தொட்ட பதின்மூன்று எழுத்துகளுள் அதுவும் ஒன்று. கோ. நடேசய்யர் 1920களில் நடத்திய 'தேசபக்தன்' முதலிய ஏடுகளையோ அக்கால மலையக வெளியீடுகளையோ அவற்றின் வரிவடிவிலேயே பதிப்பிக்க விரும்பும் ஆய்வாளர் ஒரு தடையை எதிர்கொள்வார். ஒருங்குறியிற் பழைய லைக்கும் புதிய லைக்கும் தனித்தனிக் குறியெண் இல்லை, இரண்டும் ஒன்றே. வடிவத்தைத் தீர்மானிப்பது எழுத்துருவேயாகும். ஆகவே உள்ள எழுத்துருவொன்றை எடுத்துப் பழைய வடிவங்களைச் சேர்த்தாக வேண்டும். உரிமம் அதற்கு முழு இடமும் தருகிறது. எவரிடமும் கேட்கவேண்டியதில்லை, பணமும் இல்லை. பெயர் ஒதுக்கப்பட்டிருப்பின், புதிய எழுத்துருவுக்குப் புதிய பெயர் வேண்டும். ஒதுக்கப்படாதிருப்பினும் வேறு பெயரிடுவதே பதிப்பாசிரியர்க்கு நன்று. தம் நூலின் பக்கம் எந்த எழுத்துருவால் அமைந்தது என்பதை அடுத்து வரும் ஆய்வாளர்க்குத் தெளிவாகக் கூறுவதற்கு வேறு வழியில்லை.

அப்புதிய பெயரை யார் வைத்திருப்பது என்பதை வெளியிடுமுன்னரே சங்கக் கூட்டத்தில் தீர்மானித்துப் பதிவேட்டில் எழுதிவிடல் வேண்டும். தனியொரு மாணவரின் பெயரிற் கிடப்பின், அவர் பட்டம்பெற்று வெளிநாடு சென்றபின் அனுமதி கேட்க ஆளிருக்காது. அச்சகத்தாரிடம் விட்டால் சென்டொஸின் கதி நேரலாம். சங்கமே வைத்திருப்பதாயின், செயற்குழு ஆண்டுதோறும் மாறும் என்பதால், யார் கையொப்பமிடுவது, எத்தகைய திருத்தத்துக்கு அனுமதி தேவையில்லை என்னும் இரண்டு விதிகளையாவது எழுத்துருக் கோப்போடு சேர்த்தே வெளியிட வேண்டியிருக்கும்.